முதல் எபிசோடைப் பார்ப்பது எப்படி? புதிய அனிமே சீசனுக்குள் நுழைவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். இந்த நான்கு மாதங்கள் பிறந்தாலே அனிமே ரசிகர்களுக்குத் தூக்கம் குறையும். ஜப்பானியத் தொலைக்காட்சிகளில் ஓடிக்கொண்டிருந்த தொடர்கள் முடிந்து புதியவை தொடங்கும் காலம் இது. ஒவ்வொரு முறையும் ஐம்பதை ஒட்டியோ தாண்டியோ புதுத் தொடர்கள் வரிசைகட்டி நிற்கும். அதுவரை நண்பர்கள் பரிந்துரைத்த, முடிந்துபோன தொடர்களை மட்டும் பார்த்துவந்த ஒருவர் இந்தக் கூட்டத்துக்குள் முதன்முதலாகக் கால்வைக்கும்போது திணறித்தான் போவார். எதைப் பார்ப்பது? ஒரே ஒரு எபிசோடை வைத்துக்கொண்டு எதை முடிவு செய்யலாம், எதைத் தள்ளிப்போட வேண்டும்?

அவருக்காகத்தான் இந்த வழிகாட்டி. நான் சொல்லப்போவதில் முக்கியமானது ஒன்றுதான். முதல் எபிசோடில் கதையை எடைபோட அவசரப்படாதீர்கள். கதை சொல்பவரின் கை எப்படிப்பட்டது என்று பாருங்கள். 24 நிமிடத்தில் கதை முழுதாகத் தெரிந்துவிடாது. ஆனால் அந்தக் கை தெரிந்துவிடும்.

## படி 1: சீசனின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று மாத ஒளிபரப்புக் காலத்தை ஜப்பானில் ‘கூரு’ என்பார்கள். வாரத்துக்கு ஒரு எபிசோட், ஆக ஒரு கூருவுக்கு 12 அல்லது 13 எபிசோட். சில தொடர்கள் இடைவெளியில்லாமல் இரண்டு கூரு ஓடும். சில ஒரு கூரு ஓடி, ஓய்வெடுத்து, பிறகு திரும்பி வரும்.

முதல் எபிசோடைத் தொடுவதற்கு முன்பே தொடர் எத்தனை கூரு என்று பார்த்துக்கொள்வது நல்லது. 12 எபிசோடில் முடிய வேண்டிய கதை முதல் வாரத்திலேயே ஓடத் தொடங்கியாக வேண்டும். 2023இல் வந்த ‘ஃப்ரீரென்’ 28 எபிசோட் கொண்டது. அதனால்தான் அது அவ்வளவு நிதானமாக மூச்சுவிட்டுக் கதை சொன்னது. இரண்டையும் ஒரே வேகத்தை எதிர்பார்த்துப் பார்த்தால் ஏதோ ஒன்றுக்கு அநியாயம் செய்துவிடுவோம்.

அடுத்தது நேரம். ஜப்பானிய அட்டவணைகளில் ‘சனி 25:00’ என்று போட்டிருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் குழம்புவார்கள். பின்னிரவு நிகழ்ச்சிகளை முந்தைய நாளின் தொடர்ச்சியாகவே எண்ணுவது அங்கே வழக்கம். சனி 25 மணி என்றால் ஞாயிறு அதிகாலை 1 மணி. ஜப்பான் நேரம் இந்தியாவையும் இலங்கையையும் விட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், நமக்கு அது சனி இரவு ஒன்பதரை. சாப்பிட்டு முடித்து உட்கார வசதியான நேரம். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள்தான் நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டும். ஓடிடி தளங்களில் ஒளிபரப்பான உடனேயோ சற்றுப் பிந்தியோ வந்துவிடும்.

ஏன் அர்த்தராத்திரியில் ஒளிபரப்புகிறார்கள்? பெரும்பாலான தொடர்களுக்குப் பணம் போடுவது ‘தயாரிப்புக் குழு’ எனப்படும் கூட்டணி. பதிப்பகம், இசை நிறுவனம், பொம்மை நிறுவனம், ஒளிபரப்பாளர் என்று பலர் சேர்ந்து முதலீட்டையும் நஷ்ட பயத்தையும் பங்கிட்டுக்கொள்வார்கள். விலை குறைந்த பின்னிரவு நேரத்தைக் குழுவே வாங்கித் தொடரை ஒளிபரப்பும். புத்தகம், இசைத்தட்டு, பொம்மை எல்லாவற்றுக்கும் அந்த ஒளிபரப்பே விளம்பரம். முதல் எபிசோட் ஏன் அப்படிப் பளபளக்கிறது, ஏன் சில சமயம் கூச்சல் போட்டு நம் சட்டையைப் பிடித்து இழுக்கிறது என்பதற்குப் பாதி விடை இங்கே இருக்கிறது.

## படி 2: பட்டியலை ஆறாகக் குறையுங்கள்

முதல் சீசனில் ஆறு தொடர்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாவற்றின் முதல் எபிசோடையும் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பழக்கம் வேண்டும். இருபது முதல் எபிசோடுகளை ஒரே வாரத்தில் விழுங்கினால் பன்னிரண்டாவதிலிருந்து முகங்கள் கலந்துவிடும்.

பெரும்பாலானவர்கள் ஸ்டுடியோ பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கியோட்டோ அனிமேஷன் போல ஊழியர்களை நிரந்தரமாக வைத்து, ஒரே இடத்தில் பயிற்சி கொடுத்து வளர்க்கும் ஸ்டுடியோவுக்கு இந்த வழி ஓரளவு பொருந்தும். ஆனால் பல ஸ்டுடியோக்களில் ஓவியர்கள் தொடருக்குத் தொடர் மாறுகிறார்கள். ஒரே பெயர்ப் பலகையின் கீழ் ஒரு அருமையான தொடரும் அலுப்பூட்டும் தொடரும் ஒரே ஆண்டில் வருவது சகஜம். அதனால் மனிதர்களைப் பின்தொடருங்கள். முதலில் இயக்குநர். அடுத்து ‘தொடர் அமைப்பு’ என்று பெயர் போடப்படும் தலைமை எழுத்தாளர். மொத்தக் கதையை எபிசோடுகளாகப் பிரித்து எங்கே எது வர வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவரே.

கெய்இச்சிரோ சைதோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரில் குளோவர்வொர்க்ஸ் ஸ்டுடியோவில் ‘போச்சி தி ராக்’ தொடரை இயக்கினார். மறு ஆண்டே மாட்ஹவுஸ் ஸ்டுடியோவில் ‘ஃப்ரீரென்’. ஒன்று கூச்சம் பிடித்த கிட்டார் பெண்ணைப் பற்றிய நகைச்சுவை. மற்றது ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்துவிட்ட ஒரு எல்ஃப் மந்திரவாதியின் பயணம். ஸ்டுடியோ வேறு, கதை வேறு, தொனி வேறு. இரண்டிலும் கை ஒன்றுதான். போச்சியின் தொடர் அமைப்பைச் செய்த எரிகா யோஷிதா 2024இல் ஜப்பானியத் தொலைக்காட்சியான என்எச்கேயின் காலைத் தொடரையே எழுதினார். இத்தகைய நான்கைந்து பெயர்களைத் தெரிந்துவைத்திருந்தாலே பட்டியல் தானாகச் சுருங்கும்.

மாங்காவையோ லைட் நாவலையோ தழுவியது எது, அனிமேக்காகவே எழுதிய சொந்தக் கதை எது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறில் ஒன்றாவது சொந்தக் கதையாக இருக்கட்டும். அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று படித்துவிட்டு வந்தவர் யாருமே இல்லாத நிலையில் எல்லோரும் சேர்ந்து காத்திருக்கும் சுகம் அதில் மட்டும்தான் கிடைக்கும்.

முன்னோட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை: ஒரு முறை பார்த்தால் போதும். அதில் வரும் அழகான காட்சிகளில் பாதி முதல் எபிசோடிலிருந்தே எடுத்தவை. நான்கு முறை பார்த்தால் முதல் எபிசோடைப் பாதி பார்த்துத் தீர்த்ததாக ஆகிவிடும்.

## படி 3: சப்பா, டப்பா?

க்ரஞ்சிரோல் என்ற ஓடிடி தளம் சில தொடர்களுக்குத் தமிழ் டப் தருகிறது. ‘சோலோ லெவலிங்’ அப்படி வந்ததுதான். வீட்டில் பிள்ளைகளோடோ பெற்றோரோடோ பார்ப்பதாக இருந்தால் தயங்காமல் தமிழில் பாருங்கள். ஆனால் புதுத் தொடரின் முதல் எபிசோட் வந்த அன்றே பார்க்க வேண்டும் என்றால் பெரும்பாலும் ஜப்பானியக் குரலும் சப்டைட்டிலும்தான் கையில் கிடைக்கும். சப்டைட்டில் படித்துப் பழகாதவர்கள் ஒரு உத்தியைக் கையாளலாம். வேகமாகப் பேசும் காட்சியை மட்டும் நிறுத்தி, பின்னால் போய், இரண்டாம் முறை எழுத்தைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள்.

## படி 4: அந்த 24 நிமிடம்

ஒரு வழக்கமான எபிசோடின் உடற்கூறு இது: ஓப்பனிங்குக்கு முன் ஒரு சின்ன முன்காட்சி, 90 விநாடி ஓப்பனிங் பாட்டு, முதல் பாதி, நடுவில் விளம்பர இடைவெளிக்கான சிறு படம், இரண்டாம் பாதி, 90 விநாடி எண்டிங் பாட்டு, அடுத்த வாரத்துக்கான முன்னோட்டம். கதைக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 20 நிமிடம். முதல் எபிசோடில் இந்த ஒழுங்கைக் கலைப்பதும் உண்டு. ஓப்பனிங்கைக் கடைசிக்குத் தள்ளி, அந்த ஒன்றரை நிமிடத்தை முடிவின் உணர்ச்சியோடு சேர்த்துவிடுவார்கள்.

இந்த 20 நிமிடத்தில் எதைக் கவனிப்பது? முதல் வசனத்துக்கு முன்னால் திரையில் என்ன காட்டுகிறார்கள் என்று பாருங்கள். பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை நமக்காக விளக்கிப் பேசிக்கொள்கிறார்களா, அல்லது அவர்கள் நடப்பதிலும் உட்காருவதிலும் அது தானாகத் தெரிகிறதா? இசை எங்கே நிற்கிறது? பேச்சில்லாத ஐந்து விநாடியைத் தைரியமாக விட்டுவைக்கிறாரா இயக்குநர்? கடைசிக் கேள்வி எனக்கு மிகப் பிடித்தது. மௌனத்துக்குப் பயப்படாத முதல் எபிசோடை நான் எப்போதும் நம்புவேன்.

இனி இரண்டு முதல் எபிசோடுகளை அருகிலிருந்து பார்ப்போம்.

‘போச்சி தி ராக்’ நான்கு கட்ட நகைச்சுவைக் கீற்றாக வந்த மாங்கா. நாயகி ஹிதோரி கோதோ மூன்றாண்டுகள் அறைக்குள் அடைந்து கிட்டார் பழகியவள். பெயரை மறைத்து இணையத்தில் போடும் வீடியோக்களில் அவள் அசகாய சூரி. பள்ளியில் ஒரு தோழிகூட இல்லை. பூங்காவில் கிட்டாரோடு தனியாக உட்கார்ந்திருப்பவளை நிஜிகா என்ற டிரம்ஸ் வாசிக்கும் பெண் பார்த்து, தோக்கியோவின் ஷிமோகிதசாவாவில் இருக்கும் சின்ன இசை அரங்குக்கு இழுத்துப் போகிறாள். நிஜிகாவின் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவள் ஓடிப்போய்விட்டாள், அன்றைக்கே மேடை.

இந்த இடத்தில் சாதாரணத் தொடர் என்ன செய்யும்? கூச்சக்காரி மேடையேறி அபாரமாக வாசிப்பாள், அரங்கம் எழுந்து நிற்கும். இங்கே ஒத்திகையிலேயே அவள் வாசிப்பு சொதப்புகிறது. தனியாகவே வாசித்துப் பழகியவளுக்கு அடுத்தவர் தாளத்தோடு சேரத் தெரியவில்லை. பயம் தாங்காமல் ஒரு மாம்பழ அட்டைப்பெட்டிக்குள் புகுந்துகொண்டு மேடையில் வாசிக்கிறாள். திரையில் தெரிவது ஒரு பெட்டி மட்டும்தான். நமக்குச் சிரிப்பு வருகிறது, நெஞ்சும் அடைக்கிறது. இரண்டையும் ஒரே படத்தில் வைக்கத் தெரிந்தவர் இந்த இயக்குநர் என்பது அந்தப் பெட்டியில் தெரிந்துவிட்டது. கதை இன்னும் தொடங்கவே இல்லை என்றாலும், திறமை போதாது, சேர்ந்து வாசிக்கப் பழக வேண்டும் என்ற தொடரின் மொத்தச் சிக்கலையும் நம் கையில் கொடுத்துவிட்டார்கள். 12 எபிசோடும் அந்தச் சிக்கலை விட்டு விலகவில்லை.

‘ஃப்ரீரென்’ இதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறது. அசுரராஜாவை வீழ்த்திய நால்வர் பத்தாண்டுப் பயணம் முடிந்து தலைநகருக்கு வண்டியில் திரும்புகிறார்கள். மற்ற கதைகள் முடியும் இடம் இது. ஐம்பதாண்டுக்கு ஒரு முறை வரும் விண்கல் மழையை நால்வரும் பார்க்கிறார்கள். அடுத்த முறை இன்னும் நன்றாகத் தெரியும் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறாள் எல்ஃப் பெண் ஃப்ரீரென். பிறகு ஐம்பதாண்டுகள் திரையில் சில கணங்களில் ஓடிவிடுகின்றன. அவள் திரும்பி வரும்போது நால்வரில் ஒருவனான வீரன் ஹிம்மெல் தலை வழுக்கையான கிழவர்.

இங்கே வேகத்தைக் கவனியுங்கள். ஐம்பதாண்டு நமக்கும் சட்டென்று போய்விடுகிறது. அவளுக்குக் காலம் எப்படிப்பட்டது என்று யாரும் விளக்கவில்லை. படத்தொகுப்பு அதை நம் உடம்பில் ஏற்றிவிடுகிறது. அதனால்தான் ஹிம்மெலின் இறுதிச் சடங்கில், இந்த மனிதரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஏன் முயலாமல் போனேன் என்று அவள் உடையும்போது நாமும் அவளோடு சேர்ந்து பிடிபடுகிறோம். சண்டைக் காட்சி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. எவன் கால் இசையமைத்த பின்னணி இசையை அணைத்துவிட்டு அந்தப் பகுதியை ஒரு முறை பார்த்தால், இசை எவ்வளவு எடையைத் தூக்கியிருக்கிறது என்று புரியும்.

எண்டிங்கில் ஓடும் பெயர்களைத் தாண்டிப் போகாதீர்கள். ஸ்டோரிபோர்டு யார், எபிசோட் இயக்குநர் யார் என்று பாருங்கள். முதல் எபிசோடின் ஸ்டோரிபோர்டைப் பெரும்பாலும் தொடரின் இயக்குநரே வரைவார். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் வேறு பெயர்கள் வரும். அப்போது தொனி மாறினால் ஏன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

## படி 5: எதை மன்னிக்கலாம், எதைச் சந்தேகிக்கலாம்

தழுவல்களில் முதல் எபிசோடுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. மூலக்கதையின் முதல் திருப்பம் எங்கே வருகிறதோ அங்கேதான் வரும். 24 நிமிடத்துக்கு அது கட்டுப்படாது. தயாரிப்பாளர்கள் இதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் ‘ஓஷி நோ கோ’ மாங்காவின் முதல் தொகுதி முழுவதையும் ஒன்றரை மணி நேரத்துக்கு நீட்டிய ஒரே முதல் எபிசோடில் அடக்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று, வழக்கமாகத் திரைப்படங்கள் ஓடும் நிப்பான் டிவியின் வெள்ளி இரவு நேரத்தில் ‘ஃப்ரீரென்’ தொடரின் முதல் நான்கு எபிசோடுகளும் சேர்ந்தே வந்தன. அக்டோபரில் ‘தி அபோதிகரி டைரீஸ்’ மூன்றோடு தொடங்கியது. இந்த வசதி எல்லோருக்கும் கிடைக்காது. பெரிய திருப்பம் கண்ணில் படாமல் ஒரு முதல் எபிசோட் முடிந்தால், அது 24 நிமிடத்தின் குற்றமாகவும் இருக்கலாம். அதை மன்னியுங்கள்.

வேண்டுமென்றே நம்மைத் தடுமாற வைக்கும் தொடக்கங்களும் உண்டு. 2006 ஏப்ரலில் கியோட்டோ அனிமேஷனின் ‘ஹருஹி சுசுமியா’ ஒளிபரப்பானபோது முதலில் வந்தது, பள்ளி மாணவர்கள் கைக்கேமராவில் எடுத்த ஒரு படம். கேமரா ஆடுகிறது, நடிப்பு மரக்கட்டை, கதைக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் நாம் பார்த்தது கதைக்குள் அந்தப் பிள்ளைகள் எடுத்த படம் என்பது வெளிப்படுகிறது. மோசமான ஒளிப்பதிவை இவ்வளவு துல்லியமாக அனிமேஷனில் வரைய எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்குத் தலைசுற்றிப் போனவர்களில் பலர் கடைசி வரை கூடவே இருந்தார்கள்.

சந்தேகிக்க வேண்டியது வேறு. பாத்திரம் வாயைத் திறந்தால் பெயர், வயது, குலம், சக்தி என்று விண்ணப்பப் படிவம் போல ஒப்பிப்பது; அழுத்தமான காட்சிக்கு நடுவே உடலைக் காட்டும் கேமராக் கோணம்; ஒவ்வொரு நகைச்சுவைக்கும் பிறகு, இது நகைச்சுவை என்று இன்னொரு பாத்திரம் கத்துவது. இவை இரண்டாம் வாரத்தில் சரியாகிப் போவதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

முதல் எபிசோட் மிக அழகாக இருந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அதையே உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021 ஜனவரியில் தொடங்கிய சொந்தக் கதை ‘வொண்டர் எக் பிரையாரிட்டி’ முதல் வாரத்தில் சினிமாத் தரத்தில் இருந்தது. எட்டாம் வாரம் புதிதாக எதுவும் இல்லாமல் பழைய காட்சிகளின் தொகுப்பாக வந்தது. கதையின் முடிவு மார்ச்சில் வராமல் ஜூனில் ஒரு தனிச் சிறப்பு எபிசோடாக வந்து சேர்ந்தது. கால நெருக்கடி ஓவியர்களை என்ன பாடு படுத்துகிறது என்பதற்கு அது சாட்சி.

## படி 6: மற்றவர் கருத்தைப் படிக்கும் முன் எழுதுங்கள்

எபிசோட் முடிந்த கையோடு போனில் ஐந்து வரி எழுதிவிடுங்கள். நட்சத்திரமும் மதிப்பெண்ணும் வேண்டாம். மனதில் நிற்கும் ஒரு காட்சி எது, எந்தப் பாத்திரத்தோடு இன்னொரு மணி நேரம் இருக்கச் சம்மதம், எந்த இடத்தில் கை போனைத் தேடிப் போனது, இந்தத் தொடர் என்ன வாக்குக் கொடுக்கிறது, அந்த வாக்கை அடுத்த வாரமே சோதிக்க ஏதாவது விட்டுவைத்திருக்கிறதா. இவ்வளவு போதும்.

இதைச் செய்யாமல் விமர்சனங்களுக்குள் போனால் உங்கள் அபிப்பிராயம் பத்தே நிமிடத்தில் கரைந்துவிடும். புதிய சீசனின் முதல் இரு வாரங்களில் எல்லோரும் உரக்கப் பேசுவார்கள். மாங்கா படித்தவர்கள் பின்னால் வரப்போவதை வைத்து முன்னால் வந்ததைப் புகழ்வார்கள். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் பார்த்தது இன்றைய எபிசோட்.

## படி 7: மூன்று எபிசோட் விதி

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது அனிமேக்குச் சரிவராது; இங்கே மூன்றாவது பருக்கை வரை பொறுக்க வேண்டும். மூன்று எபிசோட் பார்க்காமல் ஒரு தொடரைக் கைவிடாதே என்பது ரசிகர்களிடையே உலவும் எழுதாத சட்டம். அதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம், 2011 ஜனவரியில் ஷாஃப்ட் ஸ்டுடியோ தந்த ‘மாடோகா மாஜிகா’. அகியுகி ஷின்போ இயக்கம், கென் உரோபுச்சி எழுத்து. பெயரும் நிறமும் பள்ளிச் சிறுமிகளுக்கான மந்திரக் கதை போலவே இருக்கும். மூன்றாம் எபிசோடின் முடிவில் என்ன ஆகிறது என்பதைப் பார்க்காதவர்களுக்காக இங்கே சொல்லாமல் விடுகிறேன். ஆனால் அதைப் பார்த்தவர் முதல் எபிசோடுக்குத் திரும்பினால், அதில் வரும் சூனியக்காரிகளின் உலகம் வெட்டி ஒட்டிய காகிதத் துண்டுகளாக ஏன் அப்படி உறுத்தலாக இருந்தது என்று புரியும். எச்சரிக்கை முதல் நாளே திரையில் இருந்தது.

இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். அதே ஆண்டு ஏப்ரலில் வந்த ‘ஸ்டெயின்ஸ் கேட்’ 24 எபிசோட் கொண்டது. அதன் உண்மையான திருப்பம் ஏறக்குறைய பாதியில்தான் வருகிறது. ஒரு கூரு தொடருக்கு மூன்று, இரண்டு கூருவுக்கு ஐந்து என்பது என் கணக்கு. மூன்றாம் எபிசோட் முடிந்ததும் முதல் நாள் எழுதிய ஐந்து வரியை எடுத்துப் படியுங்கள். கொடுத்த வாக்கு நிற்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

## படி 8: விடுவதும் திரும்பி வருவதும்

நான்காம் வாரத்தில் ஆறில் மூன்று மிஞ்சினால் அது நல்ல சீசன். மற்ற மூன்றையும் குற்ற உணர்வில்லாமல் விடுங்கள். விரோதத்தோடு பார்க்கும் தொடர் உங்களுக்கும் நல்லதில்லை, அதைச் செய்தவர்களுக்கும் நியாயமில்லை. விட்டதற்கான காரணத்தை ஒரு வரியில் குறித்துவையுங்கள். ‘பிடிக்கவில்லை’ என்று எழுதாமல், ‘இரண்டாம் எபிசோடில் நாயகன் எடுத்த முடிவை நம்ப முடியவில்லை’ என்பது போலக் குறிப்பாக எழுதுங்கள்.

ஏழாம் வாரத்துக்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள். அதற்குள் ஆரவாரம் அடங்கி, யாரும் கவனிக்காத ஒன்று மெல்லப் பேசப்படத் தொடங்கியிருக்கும். 2021 ஏப்ரலில் வந்த ‘ஆட் டாக்ஸி’ அப்படித்தான் வளர்ந்தது. மனிதர்களைப் போல வாழும் விலங்குகள், நாயகன் ஒரு நடுத்தர வயது வால்ரஸ் டாக்ஸி ஓட்டுநர், பின்சீட்டில் ஓயாத பேச்சு. முதல் வாரத்தில் அதைப் பலர் தொடவே இல்லை. பார்த்தவர்கள் வாராவாரம் அடுத்தவரிடம் சொல்லிச் சொல்லியே 13 எபிசோட் முடியும்போது அதற்கென்று ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. முதல் எபிசோடில் டாக்ஸிக்குள் சும்மா பேசிக்கொண்டது போலத் தெரிந்த பல விஷயங்கள் பின்னால் கதையின் முடிச்சுகளாக வந்து நிற்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். முதல் எபிசோடை மட்டும் பாருங்கள், ஐந்து வரி எழுதுங்கள், பிறகு மீதி பன்னிரண்டையும் பார்த்துவிட்டு அந்த முதல் எபிசோடை மறுபடி ஓடவிடுங்கள்.